பட்டாளத்துச் சோறும் படக்காட்சி விருந்தும்

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் சினிமாக் கொட்டகைக்குப் போகிறோம். ஆயினும், திரையிலே ஒருவன் இலை போட்டு உட்கார்ந்துவிட்டால் நம் கண் அந்த இலையை விட்டு அகலுவதில்லை. இது மனித சுபாவம். 1957-ம் வருஷத்தில் வெளிவந்த 'மாயா பஜார்' படத்தின் கதையைச் சிறிது மறந்தவர்கள் உண்டு. அதில் கடோத்கஜனாக வந்த எஸ். வி. ரங்காராவ் கலியாணச் சமையல் முழுவதையும் ஒற்றை ஆளாகத் தீர்த்துக்கட்டிய காட்சியை மறந்தவர்கள் இல்லை. லட்டுகள் தாமாகவே பறந்து வந்து அவருடைய வாயில் விழும்போது, பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளின் வாயும் தானாகத் திறந்துகொள்கிறது.

அதற்கு முப்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால், 1925-ல், சார்லி சாப்ளின் 'தி கோல்டு ரஷ்' என்னும் படத்தில் பசி தாங்கமாட்டாமல் தம்முடைய பூட்ஸையே வேகவைத்து உண்டார். ஆணிகளைக் கோழி எலும்பு போலச் சப்பினார். பூட்ஸ் கயிற்றை சேமியாவைப் போல் முள்ளில் சுற்றிச் சுற்றி விழுங்கினார். அந்தப் பூட்ஸ் அதிமதுர மிட்டாயினால் செய்யப்பட்டது என்பது பிற்பாடு வெளிவந்த ரகசியம்.

முன்னது நிறைந்த இலையின் ஆனந்தம்; பின்னது வெறும் வயிற்றின் ஹாஸ்யம். இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகைச் சாப்பாடு ஒன்று சினிமாவில் உண்டு. அதுதான் சிப்பாயின் சாப்பாடு.

யுத்தப் படங்களில் முழங்கும் பீரங்கியில் புகை உண்டே தவிரக் குண்டு இல்லை. சிந்தும் ரத்தம் சாயத் தண்ணீர். செத்து விழுந்தவன் சாயங்காலம் எழுந்து சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். ஆனால், தகரத் தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கும் சிப்பாயின் பசி நாம் எல்லோரும் அறிந்த பசி. அதில் பொய் கலந்தால் உடனே தெரிந்துவிடும். ஆகையால், ஒரு யுத்தப் படம் உண்மை பேசுகிறதா என்று அறிய வேண்டுமானால் அதன் சாப்பாட்டுக் காட்சியைப் பாருங்கள் என்பது என் சிபாரிசு. யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள், யார் யாருடன் உட்கார்ந்து உண்கிறார்கள், யாருக்கு இலையே போடப்படவில்லை—இம்மூன்றையும் கவனித்தால் போதும்.

பழந்தமிழர் வகுத்த பந்தி

இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் முன்னோர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஓர் அளவுகோல் வகுத்து வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்திலே வஞ்சித் திணையைச் சேர்ந்த துறைகளில் ஒன்று பெருஞ்சோற்று நிலை. போருக்குப் புறப்படும் வேந்தன் தன் படைவீரர்களுக்குத் திரள் திரளாகச் சோறு வழங்குவதே அதன் பொருள். தானும் அவர்களோடு உடனிருந்து உண்பவன் போன்ற உபசாரத்துடன் அரசன் அந்தச் சோற்றைக் கொடுக்கிறான் என்று நச்சினார்க்கினியர் விளக்குகிறார்.

புறநானூற்றின் இரண்டாவது பாட்டிலே முரஞ்சியூர் முடிநாகராயர், உதியஞ் சேரலாதன் பாரதப் போரின்போது பெருஞ்சோறு வழங்கினான் என்று பாராட்டுகிறார். இரு திறத்துச் சேனைக்கும் அவன் சோறிட்டான் என்பது வழிவழி வந்த கொள்கை. இது சரித்திரந்தானா என்பதை ஆராய்ச்சியாளர்கள் தீர்மானிக்கட்டும். சாகப் போகிறவனுக்குச் சோறு போடுவது பிச்சையன்று, அது அரசன் பட்ட கடன் என்ற எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது என்பதுதான் நாம் இங்கே கவனிக்க வேண்டியது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இக்காலத்துச் சிப்பாயின் தட்டைப் பார்ப்போம்.

தகர டப்பாவின் சரித்திரம்

பழைய சேனைகள் போகிற வழியிலெல்லாம் குடியானவர்களின் களஞ்சியத்தைக் கொள்ளையிட்டே வயிறு வளர்த்தன. கெடாத ஆகாரத்தைக் கையோடு எடுத்துப் போக முடியாதா என்று எல்லாத் தேசத்துச் சர்க்கார்களும் ஏங்கிக்கொண்டிருந்தன. பிரான்ஸில் நிக்கொலாஸ் அப்பேர் என்ற மிட்டாய் வியாபாரி, உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, காற்றுப் புகாமல் அடைத்து, கொதிக்கும் நீரில் வைத்து எடுத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று கண்டுபிடித்தார். 1810-ல் பிரெஞ்சு சர்க்கார் அவருக்கு 12,000 பிராங்க் சன்மானம் அளித்து, அந்த முறையை உலகறிய வெளியிடச் செய்தது. அதே வருஷத்தில் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் என்பவர் புட்டிக்குப் பதிலாகத் தகர டப்பாவை உபயோகிக்கும் உரிமையைப் பதிவு செய்தார்.

வேடிக்கை என்னவென்றால், டப்பாவைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் திறக்கும் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை. அது வருவதற்கு மேலும் நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரையில் உளியும் சுத்தியலுந்தான். அவை அகப்படாத சிப்பாய்கள் துப்பாக்கி முனையிலுள்ள ஈட்டியால் டப்பாவைக் குத்தித் திறந்தார்கள்.

1914-ல் மூண்ட முதல் உலக மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாயின் அன்றாட ஆகாரம் டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியும் கெட்டிப் பிஸ்கோத்துந்தான். அந்தப் பிஸ்கோத்தைப் பல்லால் கடிக்க இயலாது. கல்லால் தட்டி, நீரில் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். இறைச்சி, முள்ளங்கி போன்ற டர்னிப் கிழங்கு, காரட் இவற்றைச் சேர்த்து அடைத்த மற்றொரு டப்பாவும் உண்டு. சூடாக இருந்தால் அதைச் சாப்பிடலாம், ஆறிவிட்டால் வாயில் வைக்க முடியாது என்பது அதைத் தின்றவர்களின் தீர்ப்பு. பதுங்கு குழியிலோ நெருப்பு மூட்டினால் புகையைக் கண்டு எதிரி சுடுவான்.

ருசியைப் பற்றிச் சேனாதிபதிகள் கொண்ட அபிப்பிராயத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு திருஷ்டாந்தம் கூறலாம். 1937-ல் அமெரிக்க ராணுவம் ஆபத்து வேளைக்கென்று ஒரு சாக்லெட் கட்டியைத் தயாரிக்கும்படி ஹெர்ஷி கம்பெனியைக் கேட்டுக்கொண்டது. அது வெயிலில் உருகக் கூடாது. நாலு அவுன்ஸ் எடையில் அறுநூறு கலோரி சக்தி தர வேண்டும். இவற்றோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதன் ருசி அவித்த உருளைக்கிழங்கின் ருசியைவிடச் சற்றே மேலாக இருந்தால் போதும்! ருசியாக இருந்தால் ஆபத்து வருவதற்கு முன்பே சிப்பாய் அதைத் தின்று தீர்த்துவிடுவான் அல்லவா? மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்தாம் அந்த நிபந்தனையை எழுதியிருக்க வேண்டும்.

நம் தேசத்தில் சுதந்திரத்துக்குப் பின், 1961-ல், மைசூரில் ராணுவ உணவு ஆராய்ச்சிச் சாலை நிறுவப்பட்டது. பனிமலை உச்சியில் காவல் புரியும் வீரன் தன் ஊர்ப் பழக்கத்துக்கு ஏற்ற உணவைப் பையைப் பிரித்துச் சுடவைத்து உண்ணும் வழிகளை அங்கே கண்டார்கள். சிப்பாயின் நாக்குக்கும் ஊர் உண்டு என்பதை ஒரு சர்க்கார் ஒப்புக்கொள்வது சிறிய காரியமன்று.

எண்பது பேருக்கு நூற்றைம்பது பேர் சாப்பாடு

ஊர் ருசியைத் தேடும் நாக்கைச் சினிமாவில் முதலில் காட்டியவர்களில் சாப்ளினும் ஒருவர். யுத்தம் முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1918 அக்டோபரில், அவருடைய 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' வெளிவந்தது. பதுங்கு குழியில் எல்லாருக்கும் வீட்டிலிருந்து கடிதமும் பொட்டலமும் வருகின்றன. சாப்ளினுக்கு ஒன்றும் வரவில்லை. மற்றொருவன் படிக்கும் கடிதத்தை அவன் தோளுக்குப் பின்னால் நின்று இவரும் படிக்கிறார்; அவன் சிரித்தால் சிரிக்கிறார், அவன் கலங்கினால் கலங்குகிறார். கடைசியில் இவருக்கும் ஒரு பொட்டலம் வந்து சேருகிறது. அதற்குள் இருப்பது ஊரைத் தூக்கும் நாற்றமெடுக்கும் லிம்பர்கர் பாலாடைக் கட்டி! விஷப் புகைக்கு அணியும் முகமூடியை மாட்டிக்கொண்டு அதை எதிரியின் குழியில் வீசி எறிகிறார். அது ஒரு ஜெர்மன் அதிகாரியின் முகத்தில் போய் அப்பிக்கொள்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. ஆனால், பிறர் கடிதத்தைப் படித்துப் பசியாறிய அந்த முகம் மனத்தை விட்டுப் போவதில்லை.

ஹாஸ்யமே இல்லாத காட்சி ஒன்று 1930-ல் வந்தது. ஜெர்மானியரான எரிக் மரியா ரெமார்க் எழுதிய நாவலைத் தழுவி லூயிஸ் மைல்ஸ்டோன் டைரக்ட் செய்த 'ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் பிரண்ட்' என்ற படத்தில் அது வருகிறது. போர்முனையிலிருந்து ஒரு படைப் பிரிவு திரும்பி வருகிறது. ஜெர்மன் சிப்பாய்கள் 'குலாஷ் பீரங்கி' என்று செல்லமாக அழைத்த சமையல் வண்டியின் முன்னால், பல நாள் பசியோடு தட்டை ஏந்தி நிற்கிறார்கள். அவரை வெந்து கமகமவென்று மணக்கிறது. சமையற்காரனோ பரிமாற மறுக்கிறான். எல்லோரும் வந்த பிறகுதான் போடுவேன் என்கிறான்.

"எல்லோரும் வந்தாயிற்று" என்று பதில் வருகிறது.

அவன் சமைத்தது நூற்றைம்பது பேருக்கு. திரும்பி வந்தவர்கள் எண்பது பேர். நூற்றைம்பது பேருடைய பங்கும் தங்களுக்கே கிடைக்கப் போகிறது என்று அறிந்ததும் அவர்கள் முகத்தில் சந்தோஷம் பொங்குகிறது. சமையற்காரனோ, எண்பது பேருக்கு எண்பது பங்குதான் என்று சட்டம் பேசுகிறான். கடைசியில் தளபதி வந்து அவ்வளவையும் பரிமாறச் சொல்கிறார்.

செத்தவன் சோற்றை இருப்பவன் தின்று மகிழ்கிறான். அவனைக் கொடியவன் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அவன் குழந்தை, பள்ளிக்கூடத்துப் பெஞ்சியிலிருந்து நேரே போர்முனைக்கு அனுப்பப்பட்டவன். எழுபது பிணங்களைக் காட்டியிருந்தால் நாம் கண்ணை மூடிக்கொண்டிருப்போம். மிஞ்சிய அவரையைக் காட்டியபோது கணக்கு நமக்கே புரிந்துவிடுகிறது.

சாப்பிட்டு முடித்த சிப்பாய்கள் மரத்தடியில் சாய்ந்துகொண்டு, யுத்தம் ஏன் வருகிறது என்று விவாதிக்கிறார்கள். ராஜாக்களையும் மந்திரிகளையும் ஜெனரல்களையும் ஒரு மைதானத்தில் உள்ளாடையோடு இறக்கிவிட்டு, கையில் தடியைக் கொடுத்து அடித்துக்கொள்ளச் செய்தால் போதுமே என்று அவர்களில் மூத்தவனான காட் யோசனை சொல்கிறான். வயிறு நிறைந்த பிறகுதான் அந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றுகிறது. அதற்கு முன் சோறு ஒன்றே கேள்வியாயிருந்தது.

புழு நெளிந்த இறைச்சியும் கல் கலந்த பருப்பும்

பசித்தவனுக்குப் பரிமாறுகிறவர்கள் கணக்குப் பேசினால் கோபம் வருகிறது. அழுகியதைப் பரிமாறினால் என்ன வரும்? அதற்கு ருஷ்யாவிலிருந்து ஒரு படமும் பம்பாயிலிருந்து ஒரு சரித்திரமும் பதில் கூறுகின்றன.

1905 ஜூன் மாதத்தில், கருங்கடலில் இருந்த 'பொட்டெம்கின்' என்ற ருஷ்யப் போர்க்கப்பலில் மாலுமிகளுக்கென்று வந்த இறைச்சியில் புழு நெளிந்தது. அதைக் கொண்டு செய்த சூப்பை உண்ண மாலுமிகள் மறுத்தார்கள். இருபது வருஷங்களுக்குப் பிறகு, 1925-ல், ஸெர்கி ஐஸென்ஸ்டைன் அதைப் படமாக எடுத்தார். கப்பல் வைத்தியர் தம்முடைய மூக்குக் கண்ணாடியை மடித்துப் பூதக்கண்ணாடியாக்கி, நெளியும் புழுக்களை அருகில் பார்க்கிறார். பார்த்துவிட்டு, கழுவினால் போய்விடும் என்று சொல்கிறார்! அதிகாரிகளின் பாத்திரங்களைக் கழுவும் ஒரு மாலுமி, ஒரு தட்டின் விளிம்பில் பொறித்திருக்கும் எழுத்துக்களைப் படிக்கிறான். அன்றாட ஆகாரத்தை அளிக்கும்படி ஆண்டவனை வேண்டும் கிறிஸ்தவப் பிரார்த்தனை வாக்கியம் அது. தட்டை ஓங்கித் தரையில் அடிக்கிறான். புரட்சி அந்த ஓசையோடு ஆரம்பமாகிறது. இந்தப் படத்தைக் கண்டு பல சர்க்கார்கள் நடுங்கின. பிரிட்டனில் 1954 வரையில் இதைப் பொதுமக்களுக்குக் காட்ட அனுமதி இல்லை.

பிரிட்டிஷார் எதைக் கண்டு அஞ்சினார்களோ அது அவர்களுடைய கப்பற்படையிலேயே நிகழ்ந்தது. 1946 பிப்ரவரி 18-ந் தேதி காலையில், பம்பாயில் ராயல் இந்தியக் கப்பற்படையைச் சேர்ந்த 'தல்வார்' என்னும் பயிற்சி நிலையத்தின் இந்திய மாலுமிகள் காலை ஆகாரத்தைத் தொட மறுத்துவிட்டார்கள். கல்லும் மண்ணும் கலந்த பருப்பு, ஆங்கில மாலுமிக்கு ஒரு விதம் நமக்கு ஒரு விதம் என்ற பேதம், அதிகாரிகளின் வசைமொழி—இவற்றையெல்லாம் மாதக்கணக்கில் முறையிட்டும் பயனில்லாமற் போயிற்று. 'சோறு இல்லையேல் வேலை இல்லை' என்பதே அவர்களுடைய முதல் கோஷம். ஓரிரு நாட்களில் அந்தக் கோஷத்தோடு, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிக்க வேண்டும், இந்தோனேஷியாவிலிருந்து இந்தியத் துருப்புகளைத் திரும்ப அழைக்க வேண்டும் என்ற கோரிக்கைகளும் சேர்ந்தன. பருப்பில் கிடந்த கல்லைப் பொறுக்க ஆரம்பித்தவர்கள் அடிமைத்தனத்தின் அஸ்திவாரக் கல்லிலேயே கை வைத்துவிட்டார்கள்!

கராச்சி, கல்கத்தா, சென்னை என்று வேலைநிறுத்தம் பரவிற்று. 78 கப்பல்களும் சுமார் 20,000 மாலுமிகளும் அதில் கலந்துகொண்டதாகக் கணக்கு. கப்பல்களுக்கு ஆகாரம் செல்லாமல் தடுத்துப் பணியவைக்க அதிகாரிகள் முயன்றபோது, பம்பாய் ஜனங்கள் பழமும் ரொட்டியும் பொட்டலம் பொட்டலமாகச் சுமந்துகொண்டு துறைமுகத்துக்கு வந்து மாலுமிகளிடம் கொடுத்தார்கள். காவலுக்கு நின்ற இந்தியச் சிப்பாய்கள் தடுக்கவில்லை. பிப்ரவரி 23-ந் தேதி, ஸர்தார் வல்லபாய் படேல் முதலிய தலைவர்களின் புத்திமதியை ஏற்று மாலுமிகள் பணிந்தார்கள். இதற்கிடையில் பம்பாய் வீதிகளில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் இருநூறுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அரசன் இடாத பெருஞ்சோற்றை அந்த வாரத்தில் குடிகள் இட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

சுதந்திர இந்தியாவின் சிப்பாயும் சோற்றுக்காக ஓடியது உண்டு. 2012-ல் திக்மான்ஷு தூலியா எடுத்த 'பான் சிங் தோமர்' என்ற ஹிந்திப் படத்தில், பட்டாளத்தில் சேர்ந்த கிராமத்து இளைஞனுக்கு அளந்து போடும் சாப்பாடு போதவில்லை. பந்தய வீரர்களுக்கு அளவுச் சாப்பாடு என்ற கட்டுப்பாடு இல்லை என்று கேள்விப்பட்டு ஓட்டப் பந்தயத்தில் சேருகிறான்! மேஜர் கொடுத்த ஐஸ்கிரீமை உருகுவதற்குள் அவர் வீட்டில் சேர்க்க அவன் ஓடுகிற ஓட்டம் இர்பான் கானின் நடிப்பினால் மறக்க முடியாததாயிற்று. கதாநாயகன் மெய்யாக வாழ்ந்தவர். தடை தாண்டி ஓடும் நீண்ட பந்தயத்தில் ஏழு தடவை தேசிய வெற்றி பெற்று, 1958-ல் டோக்கியோவில் நடந்த ஆசியப் பந்தயத்திலும் ஓடியவர். பின்னாளில் நிலத் தகராறில் நியாயம் கிடைக்காமல் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரராகி, 1981-ல் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தார்.

யாரோடு யார் உண்பது?

பரிமாறுகிறவரைப் பார்த்தோம். இனி, பக்கத்து இலையில் யார் என்று பார்ப்போம்.

1937-ல் ழான் ரெனுவார் எடுத்த 'கிராண்ட் இல்யூஷன்' என்ற பிரெஞ்சுப் படத்தில், ஜெர்மானியரால் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்ட இரண்டு பிரெஞ்சு விமானிகளை, அவர்களை வீழ்த்திய ஜெர்மன் காப்டனே மத்தியான விருந்துக்கு அழைக்கிறான். விமானிகளில் ஒருவனுக்குக் கையில் காயம். இறைச்சியைத் தானே நறுக்க முடியவில்லை. அருகில் உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் அதிகாரி அவன் தட்டை இழுத்து நறுக்கித் தருகிறான். பேச்சுவாக்கில் இருவரும் யுத்தத்துக்கு முன் இயந்திரத் தொழிலாளிகள் என்று தெரிகிறது. அந்தச் சமயத்தில், உயிர் துறந்த வேறொரு பிரெஞ்சு விமானிக்காக மலர் வளையம் கொண்டு வரப்படுகிறது. பேச்சு நின்றுபோகிறது.

பிற்பாடு சிறை முகாமில் நிலைமை தலைகீழாகிறது. ரோஸந்தால் என்ற யூதச் செல்வனுக்கு வீட்டிலிருந்து வரும் பொட்டலங்களைப் பிரெஞ்சுக் கைதிகள் பங்கிட்டு உண்கிறார்கள். காவல் புரியும் ஜெர்மானியர்களுக்கோ முட்டைக்கோஸுதான். இது கற்பனையன்று. நேச நாடுகளின் கடல் முற்றுகையினால் 1916-17-ம் வருஷக் குளிர்காலத்தில் ஜெர்மனி முழுவதும் டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தது. அந்த முகாமிலுள்ள ருஷ்யக் கைதிகளுக்குச் சக்கரவர்த்தினியிடமிருந்து ஒரு பெரிய பெட்டி வருகிறது. தின்பண்டம் என்று ஆவலோடு உடைத்துப் பார்த்தால், உள்ளே புத்தகங்கள்! பெட்டிக்குத் தீ வைத்துவிடுகிறார்கள். புத்தகத்தைக் கொளுத்துவது பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கு உகந்த காரியமல்ல. ஆயினும், அன்று அந்தத் தீயை வைத்தவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

இதற்கு நேர்மாறான பந்தியை 1957-ல் ஸ்டான்லி குப்ரிக் 'பாத்ஸ் ஆப் குளோரி' படத்தில் காட்டினார். வெல்ல முடியாத குன்றைப் பிடிக்கும்படி பிரெஞ்சுப் படைக்கு உத்தரவு. தாக்குதல் தோற்கிறது. மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று மூன்று சிப்பாய்களைக் கோழைகள் என்று குற்றஞ்சாட்டிச் சுடத் தீர்மானிக்கிறார்கள். முதல் நாள் இரவு அம்மூவருக்கும் வறுத்த வாத்து வருகிறது, ஜெனரலின் அன்பளிப்பாக! அதில் மயக்க மருந்து கலந்திருக்குமோ என்று அஞ்சுகிறார்கள். மறுநாள் தண்டனை நிறைவேறியபின், ஜெனரல்கள் வெள்ளை விரிப்பு விரித்த மேஜையில் அமர்ந்து ஆகாரம் அருந்திக்கொண்டு, அவர்கள் எவ்வளவு நேர்த்தியாகச் செத்தார்கள் என்று சிலாகிக்கிறார்கள். நச்சினார்க்கினியர் விளக்கிய வேந்தனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் பந்தியையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் மகாயுத்தத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு இங்கிலாந்திலுள்ள பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியாக்கியபோது, ஜாதி மத ஆசாரங்களுக்காக ஒன்பது சமையலறைகள் ஏற்படுத்தினார்கள். இரண்டாவது மகாயுத்தத்தில் சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்த இந்திய தேசிய ராணுவத்தில், ஹிந்துவும் முஸ்லிமும் சீக்கியரும் கிறிஸ்தவரும் ஒரே சமையலறையில் ஆக்கியதை உண்டார்கள். அதில் சேர்ந்தவர்களில் மலாய்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். 1944-ல் இம்பாலிலிருந்து பின்வாங்கும் வழியில் அந்தச் சேனை இலை தழைகளைத் தின்னும் நிலைக்கு வந்தது. ஒன்பது சமையலறைகளை ஒன்றாக்க முடியும் என்பதை அவர்கள் நிரூபித்துவிட்டுத்தான் பட்டினி கிடந்தார்கள்.

வெள்ளை மாவும் வெள்ளை அரிசியும்

மூன்றாவது கேள்வி, இலையே போடப்படாதவர்களைப் பற்றியது. அதற்கு முன், சோறு இருந்தும் மனிதன் சாகலாம் என்ற விந்தையைச் சிறிது சொல்ல வேண்டும்.

1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரையில், மெஸபொடேமியாவில் (இன்றைய இராக்கில்) கூட் அல் அமாரா என்ற ஊரில் பிரிட்டிஷ்-இந்தியப் படையைத் துருக்கியர் முற்றுகையிட்டனர். 147 நாள் முற்றுகை. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கால் வீங்கிச் சோர்ந்து விழும் பெரிபெரி நோய் வந்தது. இந்தியச் சிப்பாய்களுக்கு வரவில்லை. காரணம், வெள்ளையர் உண்டது சலித்துத் தவிடு நீக்கிய வெள்ளை மாவு ரொட்டி. நம்மவர் உண்டது தவிட்டோடு கூடிய ஆட்டா. அது தீர்ந்து ஆட்டாவையே இருவரும் உண்ணத் தொடங்கியதும் பெரிபெரி குறைந்தது. ஆனால், மத ஆசாரத்தினால் குதிரை மாமிசத்தைத் தொடாத இந்தியச் சிப்பாய்களை, காய்கறியும் இல்லாமற் போகவே, பல் ஈறு அழுகும் ஸ்கர்வி நோய் பிடித்துக்கொண்டது.

ஜப்பானியர் இந்தப் பாடத்தை அதற்கு முன்பே கற்றிருக்க வேண்டியவர்கள். அவர்களுடைய கப்பற்படை வைத்தியர் தகாகி, 1880-களிலேயே மாலுமிகளின் வெள்ளை அரிசியைக் குறைத்து, பார்லியும் இறைச்சியும் சேர்த்துக் கொடுத்துப் பெரிபெரியை ஒழித்தார். தரைப்படை வைத்தியர்கள் அதை ஏற்கவில்லை. அதன் பலனாக 1904-05-ல் நடந்த ருஷ்ய-ஜப்பான் யுத்தத்தில் சுமார் 27,000 ஜப்பானியச் சிப்பாய்கள் எதிரியின் குண்டு படாமலே பெரிபெரியால் மாண்டார்கள். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் நம்முடைய புழுங்கலரிசியில், தவிட்டிலுள்ள சத்து அவிக்கும்போதே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார்கள் இதற்காக நோபல் பரிசு கேட்கவில்லை!

திரையில் இல்லாத தமிழர்

இப்போது 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்ற படத்துக்கு வருவோம். டேவிட் லீன் டைரக்ட் செய்து 1957-ல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. ஜப்பானியர் யுத்தக் கைதிகளைக் கொண்டு சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்ட கதை. பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்ஸன், அதிகாரிகள் கூலிவேலை செய்யமாட்டார்கள் என்று பிடிவாதம் செய்து, வெயிலில் கொதிக்கும் தகரக் கூண்டில் அடைக்கப்படுகிறார். ஜப்பானியக் கர்னல் ஸைட்டோ ஒரு நாள் இரவு அவரை வெளியே கொணர்ந்து, டப்பாவில் அடைத்த ஆங்கில மாட்டிறைச்சியையும் விஸ்கியையும் எதிரே வைத்து உபசரிக்கிறான். பட்டினியால் தள்ளாடும் நிக்கல்ஸன் வேண்டாம் என்கிறார். ஒரு தட்டு உணவை மறுப்பதில் ஒரு சாம்ராஜ்யத்தின் மானம் முழுவதையும் அந்தக் காட்சி வைத்துவிடுகிறது. மிகச் சிறந்த காட்சி, சந்தேகமில்லை.

ஆனால், நம்முடைய மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். அந்தப் பாதையைப் போட்டவர்கள் யார்? 1942-43-ல் சுமார் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதை அமைந்தது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட யுத்தக் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். பன்னீராயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் பல மடங்கு. அவர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் இருக்கலாம் என்று மதிப்பிடுவோர் உண்டு. மலாயிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர். கைதிகளுக்காவது வைத்தியர்களும் அதிகாரிகளும் உடனிருந்தார்கள். இறந்தவர் பெயரை யாரோ ஒருவர் குறித்து வைத்தார். நம்மவர்களுக்கு வெறும் வெள்ளை அரிசிச் சோறு, காலரா, பெரிபெரி, பெயரில்லாத குழி. ஊரில் இருந்தபோது புழுங்கலரிசி உண்ட உடம்பு அது.

இந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கல என்னும் இடத்தில். தமிழர் வாழும் தீவிலேயே எடுத்த அந்தப் படத்தில், அந்தப் பாதையில் மாண்ட தமிழனுக்கு ஒரு தட்டுச் சோறு இல்லை. அவன் பசித்ததாகக்கூடக் காட்டவில்லை. நிக்கல்ஸன் உணவை மறுத்து மானத்தைக் காத்துக்கொண்டார். மறுப்பதற்குக்கூட ஏதேனும் ஒன்றை யாராவது எதிரே வைக்க வேண்டும் அல்லவா?

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் போதிக்கும்போது யுத்தத்தின் வருஷத்தையும் வென்றவன் பெயரையும் குழந்தைகள் ஒப்பிக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவன் எழுந்து, "ஸார், அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய கேள்வியல்ல அது. வீட்டிலே குழந்தைகளோடு யுத்தப் படம் பார்க்கும் பெற்றோர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கொடுக்கலாம். மலாயில் வேலைக்குப் போய்த் திரும்பாத ஒருவரைப் பற்றி உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் பேசக் கேட்டதுண்டானால், அவர் பெயரையும் அவரைப் பற்றித் தெரிந்ததையும் இன்றே ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். யாரேனும் ஒரு நாள் அந்தப் பாதையைப் பற்றி மறுபடி படம் எடுக்கக்கூடும். அப்போது பந்தியில் அவருக்கும் ஓர் இலை போட வேண்டும்.